மனை யாருடையது?
‘மெட்ராஸ்’, ‘காலா’, ‘மாவீரன்’ படங்களை முன்வைத்து

எங்க செட்டியார்பட்டிக் காலனியில் ஒரு ராத்திரி, சமுதாயக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி ‘மாவீரன்’ (2023) படத்தைப் போட்டுக் காட்டினோம். ராஜபாளையத்து மில்லுகளில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள், தளவாய்புரத்தில் நைட்டி தைத்துவிட்டு வந்த பெண்கள், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் என்று நூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். புது அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவுப் பிடி கையோடு வருகிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சுவர் வெடிக்கிற இடத்தில் சிரிப்பு நின்றுபோனது. படம் முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் வழக்கம்போல எழுந்து நின்று ஊழல், கமிஷன், ஒப்பந்தக்காரர் என்றெல்லாம் பேசினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பக்கமே போகாத எங்க பெரியம்மா ஒருவர் கேட்டாக: “எல்லாஞ் சரிதான்யா. அந்தக் கட்டடம் நிக்கிற எடம் யாரு பேர்ல இருக்கு?”

எங்களிடம் பதில் இல்லை. படத்திடமும் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்து, பத்து வருசமாக மேடை ஏறிக்கொண்டிருக்கிற எனக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை என்பதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது.

அது எனக்கு வெறும் சினிமாக் கேள்வியும் இல்லை. என் சின்னம்மா நாற்பது வருசத்துக்கு முன்னால் பஞ்சம் பிழைக்கச் சென்னைக்குப் போனவுக. அங்கே அரசு கட்டிய பழைய மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் குடியிருக்காக. அதை இடித்துப் புதுசாகக் கட்டப் போகிறார்கள். எந்தப் பகுதி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் பாடு அவுகளுக்குத்தான். போன மாதம் போனில் கேட்டாக: “ஒரு தாளக் குடுத்துக் கையெழுத்துப் போடுங்கங்காக. போடவாய்யா, வேண்டாமாய்யா?”

இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று தமிழ்ப் படங்களை வாசிப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. படங்கள் எதற்கு, நேராக அரசாணையைப் பற்றிப் பேசினால் என்ன என்று தோழர்கள் கேட்கலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் குடிசை அகற்றம், மறுகட்டுமானம், மறுகுடியமர்வு என்பதெல்லாம் அரசாணையைப் படித்துத் தெரிந்ததில்லை. சினிமா பார்த்துத் தெரிந்தது. ஆகவே அந்தச் சினிமா எதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது, எதைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறது என்பது எங்களுக்கு வாழ்வுப் பிரச்சினை.

*

முதலில் படங்களுக்கு வெளியே நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். தமிழகத்தில் அரசு வீடு கட்டிக்கொடுக்க இரண்டு வாரியங்கள் உண்டு. 1961இல் வந்தது வீட்டு வசதி வாரியம். 1970இல் வந்தது குடிசை மாற்று வாரியம். அடுத்த ஆண்டே, 1971இல், குடிசைப் பகுதிகளுக்கென்று தனிச் சட்டமும் வந்தது. முதல் வாரியம் மாதச் சம்பளக்காரர்களுக்கு வீடு கட்டியது; தவணை முடிந்ததும் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. இரண்டாவது வாரியம் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் கட்டியது, ‘ஒதுக்கீடு’ கொடுத்தது. அங்கேயும் தவணைத் திட்டம் உண்டு, கிரயப் பத்திரம் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் பல இடங்களில் வாரியக் கட்டிடம் நிற்கிற நிலம் மாநகராட்சியின் பேரிலோ வேறு அரசுத் துறையின் பேரிலோ கிடக்கிறது. நிலம் வாரியத்துக்கு மாறினால்தான் அதில் குடியிருப்பவருக்குப் பத்திரம் எழுத முடியும். அது மாறாமலே ஒரு தலைமுறை செத்தும் போய்விட்டது.

இந்த வித்தியாசம் கட்டிடம் நல்லா இருக்கும்வரை தெரியாது, இடிக்கிறபோதுதான் தெரியும். வீட்டு வசதி வாரியத்தின் பழைய காலனிகளில், பிரிபடாத பங்காக ஆளுக்கு இத்தனை சதுர அடி மனை என்று பத்திரம் வைத்திருக்கிறவர்கள் சங்கம் கூடிப் பேசுகிறார்கள். எந்தக் கட்டுமானக் கம்பெனி என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ‘இருந்ததைவிடப் பெரிய வீடு வேணும், கட்டி முடிகிறவரை வாடகை நீ கொடு’ என்று பேரம் பேசுகிறார்கள். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. சம்மதம் கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருக்கிறவருக்குப் பேர் ‘உரிமையாளர்’ இல்லை, ‘ஒதுக்கீடுதாரர்’, ‘பயனாளி’. பயனாளி பேரம் பேச முடியுமா? கொடுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடலாம். ஒரே நகரம், ஒரே அரசு, ஒரே சிமெண்டு. மண்ணின் மேல் பத்திரம் இருக்கிறவன் ஒரு சாதி, இல்லாதவன் இன்னொரு சாதி என்று ஆகியிருக்கிறது. இதை உவமையாகச் சொல்லவில்லை. கூவக்கரையிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் யார், எந்தச் சேரியிலிருந்து எதற்காக நகரத்துக்கு ஓடிவந்தவர்கள் என்று பார்த்தால் விளங்கும்.

2000க்குப் பிறகு நகரத்துக்குள் இருந்தவர்களை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை பெரிதாக நடந்தது. கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் காரணமாகச் சொல்லி ஆற்றோரத்து மக்கள் பெரும்பாக்கத்து எட்டு மாடிகளுக்கு ஏற்றப்பட்டார்கள். வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்கு வேலை செய்த வீடு சுமார் 25 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வேலை கேட்டுப் போகிற பையன் ‘கண்ணகி நகர்’ என்று விலாசம் எழுதினால் முகம் மாறுகிறது. செட்டியார்பட்டியில் ‘காலனி’ என்றால் மாறுகிற அதே முகம்தான்.

‘எங்களை வெளியே தள்ளாதே, இருக்கிற இடத்திலேயே கட்டிக் கொடு’ என்பது அப்போது இயக்கங்கள் வைத்த கோரிக்கை. இப்போது பழுதடைந்த குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டுவது வேகம் பிடித்திருக்கிறது. இது நாம் கேட்டு வாங்கியது, அதை மறுப்பதற்கில்லை. தேவையும் உண்மை. 2021 டிசம்பர் 27இல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பு ஒன்று 24 வீடுகளோடு சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பியது. அதே வருசம் ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு அதே மண்ணில் கட்டிய ஒன்பது மாடிக் கட்டிடத்தில், விரலால் தட்டினால் பூச்சு உதிர்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. பழையது இடிந்து விழுகிறது, புதியது உதிர்ந்து விழுகிறது. நடுவில் மக்கள் எங்கே நிற்கிறார்கள்? அந்த நிற்கிற இடத்தைத்தான் நம் சினிமா எப்படிப் பார்த்திருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

*

மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’ கே.பி. பார்க் காட்சிகளை நினைவூட்டாமல் இருக்காது. ஆற்றோரக் குடிசையிலிருந்து ‘மக்கள் மாளிகை’ என்கிற அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம். பத்திரிகைக்குப் படக்கதை வரைகிற, எதற்கும் ‘அட்ஜஸ்ட்’ செய்துகொள்கிற மகன் சத்யா. எதற்கும் ஒத்துப்போகாத அம்மா ஈஸ்வரி. உதிர்கிற சுவர், ஊழல் மந்திரி, மகனின் காதில் மட்டும் கேட்கிற ஒரு குரல். வணிகப் படம் ஒன்று, மேல்தட்டுக்காரனின் வீட்டைக் காட்டாமல் வாரியக் குடியிருப்பின் குழாயையும் கதவையும் கூரைப் பூச்சையும் கதையின் மையத்தில் வைத்ததே பெரிய காரியம். ஈஸ்வரியாக வருகிற சரிதாவின் ஒவ்வொரு அதட்டலிலும் எங்க தெருப் பெண்களைப் பார்த்தோம். இதையெல்லாம் சொல்லாமல் குறை சொன்னால் அது விமர்சனம் ஆகாது.

ஆனால் படம் முழுக்கச் சிமெண்டில் மாட்டிக்கொள்கிறது. மோசமான கலவை, அதற்குக் காரணம் கெட்ட மந்திரி. மந்திரியை நீக்கிவிட்டால்? நல்ல கலவை கிடைக்கும், நல்ல வீடு கிடைக்கும், கதை முடிந்தது. குடிசையிலிருந்து எதற்காகப் பெயர்க்கப்பட்டார்கள், அந்தக் கரையில் அவர்களுக்கு என்ன உரிமை இருந்தது, அவர்கள் போன பிறகு அந்த இடம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் முதல் சில நிமிடங்களோடு சரி. கதை அந்த ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போகவே இல்லை. அகற்றம் என்பது கதைக்கு ஒரு வாசற்படியாக மட்டும் ஆகிவிடுகிறது.

சாதி என்கிற சொல் இந்தப் படத்துக்குத் தேவைப்படவில்லை என்பதும் தற்செயல் இல்லை. ‘ஏழை’ என்கிற பொதுப்பேர் ரொம்ப வசதியானது. ஏழை நல்ல வீடு கேட்கலாம். ஏழையின் சிரிப்பில் கடவுளைப் பார்ப்பதாகத்தானே வாரியத்தின் சுவர்களில் அரை நூற்றாண்டாக எழுதி வைத்திருந்தார்கள்! சிரித்தால் போதும் என்று நினைக்கிற கருணைக்கு, எதிரே நிற்கிறவன் பங்கு கேட்கிற ஆளாக மாறினால் பிடிக்காது. ‘மாவீரன்’ அந்தக் கருணையின் எல்லைக்குள்ளேயே நின்று கோபப்படுகிறது. பயனாளிக்குத் தரமான பொருள் போகவில்லையே என்கிற கோபம் அது. நியாயமான கோபம்தான். 2021இல் புளியந்தோப்பில் எல்லாக் கட்சியும் எல்லாத் தொலைக்காட்சியும் பட்ட கோபமும் அதுவேதான். பூச்சைப் பற்றி இத்தனை பேர் பேசினார்களே, அந்தக் குடும்பங்களின் கையில் இருக்கிற காகிதம் என்ன காகிதம் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

*

பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) இதற்கு ஒன்பது வருசம் முந்தியது, ஆனால் பல அடி முன்னால் நிற்கிறது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. ஒரு பெரிய சுவர். அதில் யார் படம் இருப்பது என்று இரண்டு அரசியல் கோஷ்டிகள். அந்தச் சுவரை நம் மக்களுக்கென்று மீட்க நினைக்கிற அன்பு கொல்லப்படுகிறான். நண்பன் காளிக்கு மெல்லத்தான் புத்தி தெளிகிறது. வடசென்னை என்றாலே அரிவாளும் கஞ்சாவும் என்று தமிழ்ச் சினிமா கட்டி வைத்திருந்த பிம்பத்துக்கு நடுவில், அங்கே கால்பந்து ஆடுகிறவனும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவனும் அரசியல் பேசுகிறவனும் இருக்கிறான் என்று காட்டிய படம். நம் பொடியன்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது எதற்காக என்று நமக்குத் தெரியும்.

இங்கே ‘இடம் யாருடையது’ என்கிற கேள்வி இருக்கிறது. சுவர் வடிவத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் எங்கள் முகம் இல்லாமல் எவன் முகமோ ஏன் இருக்க வேண்டும் என்கிற கேள்வி சாதியின் கேள்விதான். படம் அதை மழுப்பவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள். சண்டை சுவரின் மேற்பரப்புக்கு மட்டும். சுவருக்குப் பின்னால் இருக்கிற கட்டிடத்தையும் அதற்குக் கீழே இருக்கிற மனையையும் படம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. அந்த ஹவுசிங் போர்டை நாளைக்கு இடிக்க வந்தால், ரத்தம் சிந்தி மீட்ட சுவரும் சேர்ந்துதானே விழும்? கடைசியில் சுவரைத் துடைத்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்பை வைத்து வரைவது அழகான கனவு. அந்தக் கனவு யாரோ ஒருவரின் கட்டிடத்தில் வரையப்பட்டிருக்கிறது.

இது ரஞ்சித்தின் குறை மட்டும் இல்லை. இருபது முப்பது வருசமாக நாமும் அடையாளத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. கொடிக்கம்பம், பெயர்ப்பலகை, சிலை என்று நின்றோம். நிற்க வேண்டியதுதான், ஏனென்றால் அதற்கும் அடி விழுந்தது. ஆனால் சிலையை வைத்த மண் யாருடையது என்கிற கேள்வியைச் சிலையோடு சேர்த்தே கேட்டவர்கள் நமக்கு முன்னால் இருந்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதையடுத்து 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் – சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது – நமக்குத் தெரியும். மற்றவர் வாங்கக்கூடாது என்று நிபந்தனை இருந்தும் அவை எப்படிக் கைமாறின என்பதும் தெரியும். 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிலையும் மண்ணும் பிரியவில்லை. ‘மெட்ராஸ்’ படத்தில் சுவரும் மண்ணும் பிரிந்துபோய்விட்டன.

*

அதே இயக்குநர் ‘காலா’வில் (2018) அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தார். தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன குடும்பங்கள். நம் வட்டாரத்திலும் பம்பாய்க்குப் போன சொந்தம் இல்லாத தெரு கிடையாது. படம் தொடங்கும்போதே சலவைத் துறையை இடிக்க இயந்திரம் வந்து நிற்கிறது. ‘சுத்தமான மும்பை’ என்கிற முழக்கத்துக்குள் தீட்டு ஒளிந்திருப்பதையும், மறுகட்டுமானம் செய்ய வருகிற கம்பெனிக்கு ‘மனு’ என்று பேர் இருப்பதையும் படம் வெளிப்படையாகவே வைக்கிறது. நல்ல எண்ணத்தோடு வரைபடம் கொண்டுவருகிற படித்த பெண் சரீனாவும் உண்டு. வரைபடம் நல்லெண்ணக்காரர் கையில் தொடங்கிக் கடைசியில் யார் கைக்குப் போகிறது, கோல்ப் மைதானத்துக்கு எங்கிருந்து இடம் வருகிறது என்பதை மூன்று படங்களில் இது ஒன்றுதான் காட்டுகிறது. உழைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் நகரம் என்ன ஆகும் என்று காட்டுகிற பகுதி என் வாசிப்பில் படத்தின் உச்சம். நிலத்தின் மேல் பத்திரம் இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே பேரபலம் அவன் உழைப்புதான் என்பதை அது சொல்லிவிடுகிறது.

அப்புறம் படம் இராமன்–இராவணன் போருக்குள் போகிறது. மறுவாசிப்பு என்ற அளவில் அது முக்கியம். வெள்ளைக்கும் கருப்புக்கும் நம் பொதுப்புத்தி கொடுத்திருக்கிற அர்த்தத்தைத் தலைகீழாகப் போடுகிறது. ஆனால் எதிரி ஓர் ஆளாகச் சுருங்கிய உடனே, தாராவியில் நடப்பது ஹரி தாதா என்கிற ஒருவனின் பேராசை என்று ஆகிவிடுகிறது. நிஜத் தாராவியில் நடப்பதற்கு முகம் கிடையாது. 2004இல் அறிவித்த திட்டம், பல முறை ஒப்பந்தப்புள்ளி மாறி, 2022இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. யார் எந்தத் தேதிக்கு முன்னால் குடிவந்தவர், யாருக்கு அங்கேயே வீடு, யார் வெளியே போக வேண்டியவர் என்று ‘தகுதி’ பிரிக்கிற கணக்கெடுப்பு நடந்தது. அதில் துப்பாக்கி இல்லை, படிவம்தான் இருக்கிறது. ‘நீ தகுதியுள்ளவன், உன் மாடியில் வாடகைக்கு இருக்கிறவன் தகுதியில்லாதவன்’ என்று ஒரே வீட்டை இரண்டாகக் கிழிக்கிற படிவம். கடைசிக் காட்சியில் கருப்பும் சிவப்பும் நீலமும் வாரி இறைக்கிற கூட்டத்தில் நாமும் இருந்தோம், கண் கலங்கினோம். மறுநாள் அந்தப் படிவத்தை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு அந்தச் சாயத்தில் பதில் இல்லை.

*

“சினிமாவிடம் போய்ப் பட்டா கேட்கலாமாடா?” என்று ஒரு தோழர் கேலி செய்தார். கலைக்கு அதன் வேலை, இயக்கத்துக்கு அதன் வேலை என்பது அவர் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடத்தைச் சொல்லாமல் கதை சொல்வது நம் மரபிலேயே கிடையாது. எங்கள் பக்கத்திலிருந்து, வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியிலிருந்து வந்த பாமா ‘கருக்கு’ (1992) நூலில் ஊரைச் சொல்லும்போதே யார் தெரு எங்கே, தபாலாபீசும் பஞ்சாயத்து ஆபீசும் யார் பக்கத்தில், காடுகரை யார் கையில் என்று சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் நடக்கிற எதையும் வெறும் ‘ஏழையின் துயரம்’ என்று படிக்கவே முடியாது. இடத்தின் பேரைச் சொன்னால் சாதி தானாக வெளியே வரும். இடத்தை மங்கலாக்கினால்தான் அது மறையும். ‘மாவீர’னின் ஆற்றங்கரை அப்படித்தான் மங்கலாக்கப்பட்டிருக்கிறது.

பெயர் மாற்றங்களையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் குடிசை மாற்று வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆயிற்று. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்கிற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் நான் வரவேற்கிறேன். அந்தச் சொல்லால் பட்ட அவமானம் பட்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் எங்க காலனியில் தாத்தா பேரில் இருக்கிற மூன்று சென்ட் நிபந்தனைப் பட்டாவில் இன்று நாலு குடும்பம் இருக்கிறது. தொகுப்பு வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது. பிள்ளைகள் பேருக்குப் பிரித்துக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஆறு தடவை நடந்தாயிற்று. பெயர்ப்பலகை மாறுவதற்கு ஒரு நாள் போதும். பட்டாவில் பேர் மாறுவதற்கு மூன்று தலைமுறை போதவில்லை. இவ்வளவு இருந்தும் எங்களிடம் ஒரு பட்டா இருக்கிறது. நாற்பது வருசம் நகரத்தின் குப்பையையும் சாக்கடையையும் சமையலையும் பார்த்த என் சின்னம்மாவிடம் அதுகூடக் கிடையாது.

அந்த வீட்டிலும் கணக்கு இதேதான். சின்னம்மா பேரில் ஒரு ஒதுக்கீடு. உள்ளே கல்யாணமான இரண்டு மகன்கள், பேரப்பிள்ளைகள். மூன்று அடுப்பு, ஒரு கதவு எண். இடித்துக் கட்டுகிறபோது ஒரு கதவுக்கு ஒரு வீடு என்றால் மற்ற இரண்டு அடுப்பு எங்கே போகும்? இப்படித்தான் ‘அதே இடத்தில் மறுகட்டுமானம்’ என்கிற நல்ல சொல்லுக்குள்ளேயே வெளியேற்றம் நடந்துவிடுகிறது. புல்டோசர் வராது, கண்ணீர்ப்புகை வராது. பட்டியலில் பேர் இருக்காது, அவ்வளவுதான். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார்; அதை நாடு பார்த்தது. பட்டியலில் விடுபட்டுப் போகிறவன் சத்தமில்லாமல் போகிறான். அவனைப் படம் பிடிக்கக் கேமரா வருவதில்லை. அவனைப் பற்றி எழுதத்தான் நமக்குப் பேனா இருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கும் குறும்படம் எடுக்கிற மாணவர்களுக்கும் இதனால் ஒரு வேண்டுகோள். அடுக்குமாடியைப் பற்றி எழுதுங்கள், உதிர்கிற பூச்சையும் எழுதுங்கள். கூடவே அந்தக் கட்டிடம் நிற்கிற மண்ணின் கதையையும் எழுதுங்கள். சர்வே நம்பர் என்ன, நிலம் எந்தத் துறையின் பேரில், முதலில் குடிசை போட்டவர் எந்த ஊரிலிருந்து வந்தார், இடிப்பதற்கு முன் எத்தனை அடுப்பு இருந்தது, கட்டிய பிறகு எத்தனை அடுப்பு திரும்பி வந்தது. இதெல்லாம் கலைக்கு ஆகாத விவரம் என்று எந்த விமர்சகன் சொன்னாலும் நம்பாதீர்கள். சொந்தப் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறவனுக்குத்தான் அது கலைக்கு ஆகாத விவரம்.

சின்னம்மாவுக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். “கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லாதீக சின்னம்மா. வீடு நமக்கு வேணும். ஆனா அந்தத் தாளோட நகல் ஒண்ணு கையில வாங்காமப் போடாதீக. இதே எடத்துலதான் வீடு, எந்தத் தேதிக்குள்ள, நாம திரும்பி வர்றவரைக்கும் வாடகைக்கு என்ன, மகன்க ரெண்டு பேரு குடும்பமும் பட்டியல்ல உண்டா, மனையில நமக்குப் பங்கு எழுதுவாகளா... இந்த அஞ்சையும் எழுதிக் கேளுங்க. தனியாக் கேக்காதீக, பக்கத்து வீட்டுக்காரவுகளையும் சேத்துக்கங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாக: “அந்தத் தாள்ல இம்புட்டையும் எழுத எடமே இல்லையேய்யா.”

“பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு சின்னம்மா. அதுல எழுதுங்க.”

போன வாரம் அவுக மாடியில் பதினோரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.